"ஆள் இல்லை" என்று திரும்பிய மணியார்டர்

தலைமைப் பீடத்தில் தாமும் தாம்பூலமுமாக வீற்றிருக்கும் சிவசண்முகம் பிள்ளை அவர்களே! தராசு முள்ளும் பார்த்து வெட்கப்படும் தபாலாபீஸ் அதிகாரி, பாளையங்கோட்டை தந்த பண்பாளர் கிருபைராஜ் அவர்களே! மூக்குப்பொடி மணக்க முன்வரிசையில் அமர்ந்த மூத்தோரே! பந்தலின் அந்தப் பக்கம் இருந்துகொண்டே இந்தப் பக்கத்தை ஆளும் தாய்மார்களே! இந்த நாறும்பூநாதனின் பணிவான கும்பிடு.

நெஞ்சு பதறுகிறது, அன்பர்களே! நாக்கு வறள்கிறது! என் அக்காள் மகள் பிரம்மநாயகி போன மாசியில் இறந்துபோனாள்!

என்னவே சிரிக்கிறீர்? ஆம், அதோ தாய்மார் வரிசையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறாளே, அவளேதான். செத்த கதையைக் கேளும்.

இவள் கணவர் சிவசைலம் ரங்கூனில் அரிசி ஆலைக் கணக்கர். அந்த ஆலையில் பறக்கும் தவிட்டைக் குவித்து வைத்தால் பொதிகை மலைக்கு ஓர் அண்ணன் பிறப்பான்! அந்தத் தவிட்டைத் தின்று, தண்ணீரைக் குடித்து, மிச்சம் பிடித்த பணத்தை மணியார்டராக அனுப்பினார் அந்த உத்தமர். அது கப்பலேறியது, ரயிலேறியது, மாட்டுவண்டி ஏறியது; அம்பாசமுத்திரம் கடந்து நம்மூர் வந்தும் சேர்ந்தது. பிறகு என்ன ஆயிற்று?

கிருபைராஜ் ஊருக்குப் புதியவர். ஆளைத் தெரியாது; அனுப்பியவர் பெயரைக் கேட்டார். கேட்டது குற்றமா? சட்டம் கேட்கச் சொல்லுகிறது, கேட்டார். இவள் சொன்னாளா? கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையுமாம்! அதே பெயர் கொண்ட சாமியைச் சுட்டி, மலையடியில் இருக்கும் சாமி என்றாள். மேற்குப் பார்த்த சாமி என்றாள். கடனா ஆற்றைக் கையால் வரைந்து காட்டினாள். கிருபைராஜோ சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர்; நம் சாமிகளை அரைகுறையாகத்தான் அறிவார். பாபநாசமா என்றார், இல்லை. சொரிமுத்தா என்றார், இல்லை. தென்பாண்டித் தெய்வங்கள் அத்தனை பேரும் அன்று தபாலாபீஸ் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். வர வேண்டியவர் ஒருவர் மட்டும் வரவில்லை!

கடைசியில் அவர் கேட்டார்: "ஏம்மா, வீட்டுக்காரர் பேரே ஒங்களுக்குத் தெரியலைன்னா நான் யாருன்னு நம்பிக் கொடுக்க?"

பணம் திரும்பிப் போயிற்று. ஆள் அடையாளம் தெரியவில்லை என்று அதன் மேலே எழுதியிருந்த இங்கிலீஷை ஆலையில் ஓர் அரைகுறை படித்து இரண்டே சொல் சொன்னான்: ஆள் இல்லை.

ஆள் இல்லை! ஐயா, நம் நாட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? அங்கேயே ஐராவதி ஆற்றில் முங்கினார் மாப்பிள்ளை. திரைச்சீலை போல் தொங்கிய மீசையை மழித்தார். அழுத கண்ணீரில் கப்பல் ஒரு முழம் உயர்ந்து மிதக்க, ஊர் வந்து சேர்ந்தார். வந்தவர் எதிரே, ஈரச் சேலையும் இடுப்பில் குடமுமாகத் தாமிரபரணியிலிருந்து வருகிறாள் செத்தவள்!

"அத்தான், மீசை எங்க? அங்கன யாரு போயிட்டா?"

"நீதாம்ளா."

குடம் விழுந்தது. அவரும் விழுந்தார். தண்ணீர் தெளிக்கக் கூடக் குடத்தில் தண்ணீர் இல்லை!

மகாஜனங்களே, இப்போது கேளுங்கள் கொடுமையை. வருகிற கப்பலைத் தவற விட்டால் ஆலையில் அவர் இடம் அடுத்தவனுக்கு. மாலை ரயில் பிடித்தாக வேண்டும். மாப்பிள்ளையோ, அதோ அரும்பு மீசையோடு தூணில் சாய்ந்து நிற்கிறார், அசைய மாட்டேன் என்கிறார். "எம்பேர அவ வாயால ஒரு தரம் சொல்லட்டும், ஏறுதேன். இல்லன்னா அனுப்பி என்னத்துக்கு, மாமா?" என்கிறார். அவர் கேட்பது தப்பா?

தாய்மாரே! பெயரைச் சொன்னால் ஆயுள் குறையும் என்றீர்கள். சொல்லாததால் ஓர் உயிர் போய்த் திரும்பியதே! கடலுக்கு அப்பால் அவன் ரத்தம் காசாகிறது. அது உன் கையில் சேர உன் நாக்கு அல்லவா பாலம்! பாலத்தை நீயே இடிப்பாயா? அம்மா பிரம்மநாயகி, எழுந்திரு. ஊர் கேட்க வேண்டாம். உன் அத்தான் கேட்டால் போதும்.

எழுந்துவிட்டாள்... கூட்டத்தோரே, பைய, பைய, அமைதி...

"சிவசைலம்."

கேட்டீர்களா! தூண் அசையவில்லை, சாய்ந்திருந்தவர் அசைந்துவிட்டார்! பெட்டியைத் தூக்குங்கள், வண்டியைப் பூட்டுங்கள்! இனி ஒவ்வொரு பத்தினியும் இப்படியே...

யாரது, பின்னாலிருந்து கூப்பிடுவது? என் தர்மபத்தினி சண்முகசுந்தரியா? இத்தனை வருஷத்தில் "இந்தாரும்" என்பதற்கு மேல் அழைத்தறியாதவள் என்ன சொல்லுகிறாள்?

"நாறும்பூநாதரே, பேசினது போதும், எறங்கி வாரும். சோறு ஆறுதுல்லா."

ஐயோ! சபையிலே! முழுப் பெயரும்! தலைவர் அவர்களே, பொறுங்கள், நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன்...

துடிக்கிறது! சபையோரே, துடிக்கிறது! இதற்கு மேல் அத்தாட்சி வேண்டுமா? பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. பெயர் சொன்ன இருவருக்கும் என் தனி வணக்கம். சோற்றுக்குப் போகிறேன்.