எல்லாக் கறிக்கும் ஒரே பொடி

மீன் பொடிக்கு மல்லியைச் சிவக்க வறுக்கக் கூடாது, ஐயா. பலரும் அங்கேதான் கெடுத்துவிடுகிறார்கள். வாசனை கிளம்பியதும் இறக்கிவிட வேண்டும். மிளகாய் தனியாக, மிளகும் சீரகமும் தனியாக; வெந்தயத்தைக் கடைசியில், சட்டியின் மிச்சச் சூட்டிலேயே புரட்டி எடுத்தால் போதும். ஒரு பிடி பச்சரிசி சேர்த்து இடித்தால் குழம்பு திரண்டு வரும். எங்கள் அம்மா அப்படித்தான் செய்தாள். சாந்தோமில் எங்கள் வீட்டுப் பொடி என்றால் கோயில் தெரு முழுக்கத் தெரியும்.

நீங்கள் பொடியைப் பற்றி விசாரிக்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். தேவானை அதில் என்ன போட்டாள் என்று கேட்கிறீர்களாம். தேவானை உலக்கை போட்டாள். வேறொன்றும் போடவில்லை. நான் வறுத்துக் கொடுத்ததை இடித்து, சலித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். ஐந்து நாளாக அவளை இங்கே ஸ்டேஷனில் வைத்திருப்பது சரியில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். ரைட்டர் எழுதிக்கொள்ளட்டும், நான் நிதானமாகவே பேசுவேன்.

என் பெயர் லூயிசா. வயது நாற்பத்து மூன்று. எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது அம்மா வைசூரியில் போனாள். தம்பி லியோனார்டுக்கு அப்போது நாலு வயது. அடுத்த வருஷமே அப்பாவும் போய்விட்டார். எனக்கு இரண்டு வரன்கள் வந்தன. கூடவே ஒரு பையனை அழைத்துவந்தால் எப்படி என்று இரண்டு பேருமே யோசித்தார்கள். யோசிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டின் பின்கட்டை வாடகைக்கு விட்டு, தையல் தைத்து, அவனைப் படிக்க வைத்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. காலையில் சாப்பிட்டுவிட்டுப் போவான், சாயங்காலம் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அக்கா, இன்னா குழம்பு?" என்று கேட்பான். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வி கேட்காத நாள் ஒன்று இரண்டு இருக்கலாம்.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலியானது உங்களுக்கு நினைவிருக்கும். அவன் ஆபீசைச் சித்தூர்ப் பக்கம் மாற்றினார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அடுத்த வருஷம் அவன் திரும்பி வந்தபோது கூட ஜோன் வந்தாள். வேலூர்க்காரி. பள்ளிக்கூட டீச்சர். கல்யாணம் அங்கேயே நடந்தது. ரயிலில் பட்டாளத்துக்காரர்களுக்கே இடமில்லாத சமயம் என்பதால் நான் போகவில்லை.

ஜோன் நல்ல பெண். இதை மனதாரச் சொல்கிறேன். வந்த மூன்றாம் நாள், நான் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். எனக்கு இறால் மட்டும் ஆகாது. பத்து வயசுல ஒரு கல்யாண வீட்டுல தெரியாம சாப்பிட்டுட்டேன். உதடெல்லாம் வீங்கி, தொண்டை அடைச்சு, மூச்சு நின்னுபோச்சு. பொழைச்சதே பெரிசுன்னு அம்மா சொல்லுவாங்க."

"அதுக்கென்னம்மா, இந்த வீட்டுக்குள்ள இனிமே இறால் வராது" என்றேன்.

சொன்னபடி அன்றே நிறுத்தினேன். லியோனார்டுக்கு இறால் தொக்கு என்றால் உயிர். கொஞ்சமாவது வருத்தப்படுவான் என்று நினைத்தேன். "அவளுக்கு ஆகாதுன்னா நமக்கு எதுக்குக்கா" என்றான். அவ்வளவுதான்.

பிறகு மீனும் கிடைக்காமல் போயிற்று. யுத்த பயத்தில் போன செம்படவர்கள் பாதிப் பேர் திரும்பவில்லை. வருகிற மீனும் விலை கட்டுப்படியாகாது. அரிசிக்கு ரேஷன் கார்டு வந்த சமயம். அப்போதுதான் மீன் பொடியை மற்றக் கறிகளுக்குப் போட ஆரம்பித்தேன். வாழைக்காயை வஞ்சிரத் துண்டு மாதிரி சாய்வாக நறுக்கி, பொடியும் புளித்தண்ணீரும் தடவி, தோசைக்கல்லில் போட்டு எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு மீன் என்று சொல்லிவிடலாம். முட்டைக்குப் போட்டேன். கத்தரிக்காய்க்குப் போட்டேன். பருப்பைக் கடைந்து, தாளிக்கும்போது எண்ணெயில் அரைக் கரண்டி போட்டேன். மீனே இல்லாமல் வீடு முழுக்க மீன் வாசனை. லியோனார்ட் சிரித்துக்கொண்டே சாப்பிட்டான். ஜோனுக்கும் அது மிகவும் பிடித்துப்போயிற்று. இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு நான் தாமதமாக வந்தேன். ஜோன் முந்தி வந்து வாழைக்காய் வறுத்து வைத்திருந்தாள். லியோனார்ட் இரண்டாம் முறை எடுத்துப் போட்டுக்கொண்டு, "அக்கா, நீ செஞ்சாப்பலயே கீது பாரு" என்றான். நானும் சாப்பிட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அந்த வாரம் கடற்கரையில் கூனி வாங்கினேன். கூனி தெரியுமில்லையா, ஐயா? நகக்கண் அளவுப் பொடி இறால். மணலில் காயவைத்து விற்பார்கள். அதை நன்றாக வறுத்து, அம்மியில் மாவாக அரைத்து, பொடியில் ஒரு சிட்டிகை கலந்தேன். தேவானை வந்துபோன பிறகு கலந்தேன். அவளுக்குத் தெரியாது. நான் ஏன் அப்படிச் செய்தேன் என்றால், ஆகாத ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத்தான் உடம்பைப் பழக்க வேண்டும். அம்மை குத்துகிறார்களே, அதுவும் அப்படித்தானே? எங்கள் அம்மா குத்திக்கொள்ள மாட்டேன் என்று பயந்தாள், போய்விட்டாள். ஒரு வருஷத்தில் ஜோனுக்கு இறால் பழகிவிட்டால் லியோனார்டுக்கும் தொக்கு செய்துபோடலாம். இரண்டு பேருக்கும் நல்லது என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாள், பயத்திலேயே உடம்பு கெடும்.

முதலில் அரிப்புதான். கை மடிப்பிலும் கழுத்திலும் தடிப்புத் தடிப்பாக வந்தது. நான்தான் தேங்காயெண்ணெய் தடவினேன். பிறகு சில நாள் மூச்சு இழுத்தது. முதுகை நீவிவிட்டு, வெந்நீர் வைத்துக் கொடுப்பேன். "நீங்க இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன் அக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். டாக்டர் ஷஃபியுல்லாவிடம் அழைத்துப்போனதும் நான்தான். பொறுமையான மனிதர். முட்டையை நிறுத்தச் சொன்னார். பாலை நிறுத்தச் சொன்னார். கத்தரிக்காயை நிறுத்தச் சொன்னார். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நான் நிறுத்தினேன். பொடியைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அதே பொடியைத்தான் நானும் சாப்பிட்டேன், லியோனார்டும் சாப்பிட்டான். இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே சட்டி, ஒரே கரண்டி. விஷம் வைக்கிறவள் தானே அதைச் சாப்பிடுவாளா?

கிறிஸ்துமஸுக்கு ஜோன் வேலூர் போனாள். பத்து நாளில் தடிப்பு, இருமல் எல்லாம் போய், கன்னம் பூசினாற்போல் திரும்பி வந்தாள். வந்த ஒரு வாரத்தில் மறுபடியும் இழுத்தது. டாக்டர் யோசித்துவிட்டு, "சமுந்தரக் காத்து ஒத்துக்கலேம்மா. கொஞ்சம் உள்ளாற போயிடுங்க" என்றார். எனக்கு அது எதிர்பாராத விஷயம். லியோனார்ட் அந்த மாதமே தியாகராய நகரில் ஒரு போர்ஷன் பார்த்துவிட்டான். மூன்று அறை இருக்கிறது, கிணறு இருக்கிறது, மாமரம் இருக்கிறது என்றான். நான் எங்கே படுப்பது என்று கேட்க வாய் வரவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஜோன்தான் சொன்னாள். "அக்கா, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நீங்க நேரா அங்க வந்துடணும். சாப்பிட்டுட்டு சாயங்காலம் திரும்பலாம்."

நான் கோபப்படவில்லை. அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். சாயங்காலம் திரும்பலாம் என்றாள்.

பிறகு இன்னொன்றும் கேட்டாள். "அந்தப் பொடி மட்டும் ஒரு டப்பா இடிச்சுக் குடுத்துடுங்க அக்கா. அது இல்லாம இவருக்குச் சோறு எறங்காது."

தேவானையைக் கூப்பிட்டேன். அவளும் ஜோனும் ஒரு மாதமாகப் பேசுவதில்லை. மடியில் மிளகாய் முடிந்துகொண்டு போனதைப் பார்த்து ஜோன் அவளைத் திட்டியிருந்தாள். அந்தச் சண்டையை உங்கள் ஏட்டிடம் சொன்னது நான்தான். யாருக்காவது ஜோன்மேல் வருத்தம் உண்டா என்று கேட்டார்; உண்மையைச் சொன்னேன். தேவானை அன்றைக்கும் முணுமுணுத்துக்கொண்டேதான் இடித்தாள். "இன்னாம்மா, புது வூட்டுக்காரிக்கு நான்தான் இடிச்சுத் தரணுமா? என்னைத் திருடின்னு சொன்னவளுக்கு?" என்றாள். ஆனால் சுத்தமாக இடித்துக் கொடுத்தாள்.

அவள் போன பிறகு கூனியை அரைத்தேன். முன்பெல்லாம் ஒரு சிட்டிகை. இந்த முறை பாதிக்குப் பாதி. நிறம் மாறாமல் இருக்க மஞ்சள் கூடுதலாகப் போட்டேன். வாசனை வெளியே தெரியாமல் இருக்கச் சோம்பும் பூண்டும் வறுத்துச் சேர்த்தேன். ஓவல்டின் டப்பாவில் அழுத்தி நிரப்பி, "கஞ்சத்தனம் பண்ணாதேம்மா, ஒரு கறிக்கு ரெண்டு கரண்டி போடு, அப்பத்தான் ருசி" என்று அவள் கையில் கொடுத்தேன். அவள் டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அப்போது அவளுக்கு நாலு மாதம். லியோனார்டிடம்கூட இன்னும் சொல்லவில்லை, முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை குடிபோனார்கள். சனிக்கிழமை லியோனார்டுக்கு அரை நாள் ஆபீஸ். வீட்டுக்கு வருவதற்குள் ஜோன் சமைத்து வைத்திருக்கிறாள். வாழைக்காய், பருப்பு, உருளைக்கிழங்கு, எல்லாவற்றிலும் அந்தப் பொடி. சாந்தோமில் பன்னிரண்டு மணி அடித்தது. நான் மூவேளைச் செபம் சொல்லி முடித்துவிட்டு, இன்னும் ஒரு மணியில் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நான் அங்கே இல்லை, ஐயா. சமைத்தது அவள், பரிமாறியது அவள், சாப்பிட்டது அவள். நான் மூன்று மைல் தள்ளி, தனியாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு ஜட்காவில் ஆள் வந்தது. நான் போனபோது முகத்தை மூடியிருந்தார்கள். துணியை விலக்கிப் பார்த்தேன். உதடு வீங்கியிருந்தது. சின்ன வயதில் அவளுக்கு வந்ததாகச் சொன்னாளே, அது எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

கல்லறையில் லியோனார்ட் என் தோளில் சாய்ந்துகொண்டு, "நீ பக்கத்துல இருந்திருந்தா காப்பாத்தியிருப்பே அக்கா" என்றான். "ஆமாப்பா" என்றேன். அன்று சாயங்காலமே துணிமணியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் பழைய கட்டிலை நான் எடுக்காமல்தான் வைத்திருந்தேன்.

எல்லாம் சரியாகியிருக்கும். ஜோனுடைய அண்ணன் ஆம்ப்ரோஸ் வேலூரில் கம்பவுண்டர். அவர்தான் டப்பாவை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தார். நீங்கள் அதைப் பரிசோதனைக்கு அனுப்பினீர்கள், தேவானையைப் பிடித்தீர்கள். பரிசோதனையில் விஷம் இல்லை என்றுதான் வரும். அதில் விஷம் இல்லை. தேவானையைப் பிடித்ததைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அன்றைக்கு லியோனார்ட் சமையலறைக்குள் வந்து, அலமாரியில் இருந்த என் பொடிகளையெல்லாம் எடுத்துச் சாக்கடையில் கொட்டினான். "அந்தப் பொம்பளை கை பட்டது ஒண்ணும் இந்த வூட்ல வேணாம்" என்றான். ஐந்து நாளாக வெறும் கஞ்சியும் உப்பும். நான் எதை வைத்தாலும் தட்டைத் தள்ளிவிடுகிறான். கண் உள்ளே போய்விட்டது. இருபத்தேழு வருஷமாக நான் சமைத்துப் போட்ட உடம்பு.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பொடியில் தேவானையின் கைப்பக்குவம் எதுவும் இல்லை. ஜோனுக்கு ஆகாது என்று தெரிந்து, அவள் வாயாலேயே கேட்டுத் தெரிந்து, கூனியைக் கலந்தது நான். வயிற்றில் பிள்ளை இருந்ததும் தெரியும். அவள் பிழைக்கக் கூடாது என்றுதான் பாதிக்குப் பாதி போட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

லியோனார்ட் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். தேவானைக்கு எதிராக ஏதோ சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் சொன்னால் நம்ப மாட்டான், நீங்களே சொல்லிவிடுங்கள். அது என் கையால் ஆனதுதான், வேறு யார் கையும் படவில்லை என்று அவனுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். தெரிந்துவிட்டால் சாப்பிடுவான். இரண்டு நாள் என்னோடு பேச மாட்டான். மூன்றாம் நாள் பசி எடுத்தால் என்னிடம்தானே வர வேண்டும்.