ஃபிளாஸ்க் காபி

அந்த சந்தேஷ் மிட்டாய் டப்பாவை மூடி வச்சிருங்க மதினி. கோபமெல்லாம் இல்ல. அந்த வாசம் வந்தாலே எனக்குக் குமட்டுது, அவ்வளவுதான். கீழ்வீட்டு வயசான மாஷிமாகிட்ட குடுத்தா சந்தோஷமா வாங்கிக்குவாங்க.

உக்காருங்க. திருநெல்வேலியிலேருந்து அவ்வளவு தூரம் ரயில்ல வந்து, உங்க தம்பியோட அலிப்பூர் குவார்ட்டர்ஸ்ல பெட்டியை வச்ச கையோட இந்தக் காளிகாட் சந்துக்கு என்னைத் தேடி வந்திருக்கீங்க. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. காபி இறங்குது, பேசிக்கிட்டே இருப்போம்.

ஒரு ஸ்பூன் சர்க்கரைக்காக இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தை ஒருத்தி விட்டுட்டு வருவாளான்னு கேட்டீங்க. வர மாட்டா. ஏதோ ஞாபக மறதியில ஒரு நாள் போட்டுட்டேன்னு சொன்னாராக்கும் உங்க தம்பி. சரி. வரிசையா சொல்றேன், கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

எனக்கு இருக்கறது சர்க்கரை வியாதி இல்ல மதினி. அதுக்குத் தலைகீழ்னு வச்சுக்கங்க. இனிப்பு சாப்பிட்டா எல்லாருக்கும் ரத்தத்துல சர்க்கரை ஏறி மெதுவா இறங்கும். எனக்கு ஏறின வேகத்துல ரெண்டு மணி நேரம் கழிச்சு தடால்னு விழும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், எதிர்ல இருக்கறவங்க ரெண்டாத் தெரிவாங்க. இது என்னன்னே தெரியாம ஏழு வருஷம் அலைஞ்சேன். ஒரு டாக்டர் நரம்புத் தளர்ச்சின்னார். இன்னொருத்தர், குழந்தை இல்லாத பொம்பளைங்களுக்கு இப்படித்தான் மனசு அலைபாயும்னு உங்க தம்பியைப் பாத்து சொன்னார், என்னைப் பாத்துகூடச் சொல்லல. இந்த ஊரைப் பத்தித்தான் தெரியுமே. மயங்கி விழுந்தா ரசகுல்லா. ஒரு பூஜையப்போ பந்தல்ல சாஞ்சிட்டேன், நாலு பேர் தாடையைப் பிடிச்சு வாயில திணிச்சாங்க. பாகு கழுத்து வழியா ரவிக்கைக்குள்ள வடிஞ்சுது. அப்போதைக்கு எழுந்துட்டேன். ரெண்டு மணி நேரத்துல மறுபடியும் விழுந்தேன். மறுபடியும் ரசகுல்லா.

கடைசியா பவானிப்பூர்ல ஒரு வயசான டாக்டர்தான் குளுக்கோஸ் தண்ணியைக் குடிக்க வச்சு, அஞ்சு மணி நேரம் உக்கார வச்சு, அரை மணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பாத்தார். மூணாவது மணி நேரத்துல நாப்பத்தொம்பது. நான் அழுதேன் மதினி. பயத்துல இல்ல, ஒரு நம்பர் கிடைச்சுதேன்னு.

அதுக்கப்புறம் ஒரு ஒழுங்குக்கு வந்துட்டேன். மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சமா சாப்பாடு. சுண்டல், வேர்க்கடலை, முட்டை... ஆமா, முட்டை சாப்பிடறேன், நீங்க முகத்தைச் சுளிக்க வேண்டாம். மிட்டாய்க்கடையில போய் சர்க்கரை சேக்காத வெறும் சானா, அதான் பால்கட்டி, கேட்டா, பாலைத் திரிச்ச கையோட குடுப்பான், இந்தம்மாவுக்குப் பைத்தியமான்னு பாத்துக்கிட்டே. சென்னையில இருக்கற என் தம்பி மெஷின் வாங்கி அனுப்பினான். விரல்ல குத்தி, ஒரு சொட்டு வச்சா நம்பர் வரும். ஒவ்வொண்ணையும் தேதி, நேரம், என்ன சாப்பிட்டேன்னு நோட்டுல எழுதுவேன். ஆறு மாசம் ஒரு தடவைகூட எழுபதுக்குக் கீழ போகல.

உங்க தம்பிக்குத்தான் அது பிடிக்கல. மெஷினை ஜோசியக்காரன் கிளின்னு சொல்வார். புள்ளிவிவர ஆபீஸ்ல இருக்கறவர் இல்லையா, ஒரு மனுஷி தன்னைத்தானே அளந்தா அது கணக்குல சேராதுன்னு சாப்பாட்டு மேஜையில எனக்குப் பாடம் எடுப்பார். வீட்டுல அவர் செய்யற ஒரே வேலை காலைல காபி. அதுல அவருக்கு ஒரு பெருமை, உங்களுக்குத் தெரியும். டிகாஷன் இறக்கி, பால் சேத்து, எனக்கு சர்க்கரைக்குப் பதிலா ரெண்டு சாக்கரின் மாத்திரை போட்டு, காலேஜுக்கு ஃபிளாஸ்க்ல ஊத்திக் குடுப்பார். பத்தரை மணிக்கு ஸ்டாஃப் ரூம்ல குடிப்பேன்.

போன வருஷம் ஜூலையிலேருந்து மறுபடியும் ஆரம்பிச்சுது. ஞாயித்துக்கிழமை ஒண்ணும் இல்ல. லீவு நாள்ல ஒண்ணும் இல்ல. காலேஜ் நாள்ல, அதுவும் எல்லா நாளும் இல்ல, பன்னெண்டரை மணிக்கு அம்பத்தஞ்சு, அம்பத்திரண்டு. நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பாப்பேன். சாப்பாடு மாறல, நேரம் மாறல. பாத்தியா, வீட்டுல வரல, வகுப்புன்னா வருது, உனக்கு வேலைக்குப் போகப் பயம், மனசுதான்னார் உங்க தம்பி. டாக்டரும் யோசிச்சிட்டு, இருக்கலாம்னார். நானும் நம்பினேன். என் நோட்டே அப்படித்தானே சொல்லுது.

மேக்னா விஷயம் உங்களுக்கு அவர் எழுதியிருப்பார். என்கிட்டப் படிச்ச ரெண்டாவது வருஷப் பொண்ணு. நவம்பர் ஏழு, பிராக்டிகல் கிளாஸ். அவளுக்குக் காட்டிக் குடுக்க ஆசிட் பாட்டிலை எடுத்தேன். கண்ணு இருட்டிச்சு. முழங்கையிலேருந்து மணிக்கட்டு வரைக்கும் அந்தப் பொண்ணுக்குத் தோல் வெந்துபோச்சு. ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, மேடம் நீங்க அழாதீங்கன்னா. பத்தொம்பது வருஷம் நின்ன லேப் மதினி. நான் இனிமே பிள்ளைங்க பக்கத்துல நிக்கக் கூடாதுன்னு மறுவாரமே ராஜினாமா எழுதினேன். உங்க தம்பிதான் டைப் அடிச்சுக் குடுத்தார். ஒரு கமா தப்பா இருந்துதுன்னு திருப்பி ஒரு தடவை அடிச்சார்.

வேலையை விட்டதும் எல்லாம் நின்னுடுச்சு. பாத்தியான்னார். ஆமாங்கன்னேன்.

இந்த மார்ச்ல டாக்டர் பழைய நோட்டைக் கொண்டு வரச் சொன்னார். அதைத் தேடி உங்க தம்பி மேஜை டிராயரைத் திறந்தேன். அதுல இருந்தது என் நோட்டு இல்ல.

இதோ இருக்கு, பாருங்க. உங்க தம்பி கையெழுத்து உங்களுக்கு அடையாளம் தெரியும். ஜூலை மூணாந்தேதி தொடங்குது. தேதி, மாத்திரையா சர்க்கரையா, விளைவு. எந்த நாள் எதுன்னு காசைச் சுண்டிப் போட்டு முடிவு பண்ணியிருக்கார், முதல் பக்கத்துலயே விதி எழுதியிருக்கு. காலைல அடுப்படியில காசு விழற சத்தம் கேக்கும், பால்காரனுக்கு எடுத்து வைக்கறார்னு நினைச்சிருக்கேன். என் நோட்டையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன். பதினேழு நாள் சர்க்கரை. பதினேழு நாளும் எனக்கு விழுந்திருக்கு. ஒண்ணுகூடத் தப்பல. லேப்ல ஒரு பிள்ளை இப்படி முடிவு கொண்டு வந்தா, எங்கேயாவது பாத்து எழுதினியான்னு கேப்பேன்.

இல்ல, இருங்க, அவருக்காகப் பேசாதீங்க இப்ப. எனக்கு எதுல உடம்பு கூசுது தெரியுமா. சாக்கரின்ல கடைசியா நாக்குல ஒரு கசப்பு நிக்கும். அந்தக் கசப்பு இல்லாத நாள்ல சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இன்னிக்குக் காபி ரொம்ப நல்லா இருந்துதுன்னு அவரைப் பாராட்டியிருக்கேன். நான் கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுத்தவ. அதையும் விளைவுங்கற கட்டத்துல எழுதி வச்சிருக்கார். ருசியைப் பாராட்டினாள், சந்தேகம் இல்லைன்னு.

கண்ணாடி போட்டுக்கிட்டு நவம்பர் ஏழைப் பாருங்க மதினி. சர்க்கரை, மூணு ஸ்பூன். அது வரைக்கும் ரெண்டுதான், அன்னிக்குத்தான் மூணு. விளைவு, கல்லூரியிலிருந்து போன் வந்தது. அதுக்குக் கீழ ஒரு வரி. நான் படிக்கறேன். ஒரு நிகழ்வை வைத்து முடிவுக்கு வர இயலாது, மறுபடியும் செய்து பார்க்க வேண்டும்.

அதுக்கப்புறம் பக்கமெல்லாம் வெறுமை. நான்தான் வேலையை விட்டுட்டேனே, ஃபிளாஸ்க்குக்கு அவசியம் இல்லாமப் போச்சு.

நாளைக்குக் காலைல மேக்னா வர்றா. அவகிட்ட இந்த நோட்டைக் குடுக்கப்போறேன். அவ அப்பா அம்மா என்ன செய்யறாங்களோ அது அவங்க இஷ்டம். இன்னிக்கு நீங்க வந்திருக்கீங்க, திரும்பி வந்துடுன்னு கூப்பிடறீங்க. போன வாரம் அவரும் போன்ல கூப்பிட்டார், பழையபடி காலைல நானே காபி போட்டுத் தரேன்னு.

குடிங்க மதினி, ஆறுது. நான் போட்டதுதான்.