கேஸ் மூடியாச்சா?

பீர் காய்ச்சும் அறைக்குத் தரை கொஞ்சம் சரிவாக இருக்க வேண்டும், மேடம். எல்லாரும் அண்டாவையும் குழாயையும் பற்றித்தான் கவலைப்படுவார்கள். தரையை யாரும் நினைக்க மாட்டார்கள். இந்த வேலையில் காய்ச்சுவது கொஞ்சம், கழுவுவது நிறைய. தண்ணீர் தானாக ஒரு மூலைக்கு ஓடி வடிந்துவிட்டால் நம் முதுகு பிழைக்கும். கிளெம் வீட்டு நிலவறையில் சரிவு பார்த்துக் கான்கிரீட் போட்டவன் நான்தான். அந்தத் தாழ்ந்த மூலையில்தான் அவன் செத்துக் கிடந்தான் என்று கேள்விப்பட்டேன்.

டீ வேண்டாம், நன்றி. நானாக ஸ்டேஷனுக்கு ஏன் வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை பேப்பரில், மின்விசிறி பழுதானதால் நேர்ந்த விபத்தாக இருக்கலாம் என்று போட்டிருந்தார்கள். அன்றைக்கே பேக்கரியில் பேஸ்டி வாங்க வரிசையில் நிற்கிறேன், முன்னால் இருந்தவன் பக்கத்தில் இருந்தவனிடம் சொல்கிறான்: "டெஸ் பாஸ்கோ மாட்டுன ஃபேன்தானே அது? பாவம், வயசாயிருச்சு. கை நடுங்குது போல."

என் கை நடுங்காது. இந்த மூன்ட்டா ஊரில் பாதி வீட்டுக்கு வயர் இழுத்தவன் நான். என் வேலை பழுதாகி ஒரு வீட்டில் ஒரு பல்புகூட அணைந்ததில்லை. கொலைகாரன் என்று சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். வேலை தெரியாதவன் என்று சொன்னால் எனக்குத் தூக்கம் வராது.

கிளெம் நோஸ்கேயை உங்களுக்குப் பழக்கமிருக்காது. பார்லி விவசாயி. மனைவி பெரில் போய்ச் சேர்ந்த பிறகு நிலத்தை விற்றுவிட்டு, ஊருக்குள் பழைய கல் வீடு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். நானும் அவனும் ஒரே கிளப்பில் ஃபுட்பால் ஆடியவர்கள். என் கல்யாணத்தில் எனக்குத் துணை நின்றவன் அவன். அந்தக் கல்யாணம் முறிந்தபோது தன் வீட்டில் எனக்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. மறந்தவன் அவன்தான்.

இந்தப் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியும். வடக்கேயிருந்து அனல் காற்று கிளம்பினால் காட்டுத்தீக்குப் பயந்து நெருப்புத் தடை போட்டுவிடுவார்கள். கொல்லையில் அடுப்புப் பற்ற வைத்தால் அபராதம். நாங்கள் காய்ச்சலாம் என்று உட்காருகிற நாளெல்லாம் தடை நாளாகவே அமையும். ஒரு நாள் ஊற வைத்த பார்லி மால்ட்டைப் பூராவும் கோழிக்குக் கொட்டிவிட்டு வந்து கிளெம் சொன்னான்.

"டேய் டெஸ், வீட்டுக்கு அடியில குளுகுளுன்னு ஒரு குகை சும்மா கெடக்கு. நீயும் சும்மாதான் கெடக்குற. நெருப்பே இல்லாம கரண்ட்டுல காய்ச்ச ஒரு வழி பண்ணுடா."

பண்ணினேன். அதைக் கட்டி முடிக்க இரண்டு குளிர்காலம் ஆயிற்று. அண்டாக்களுக்குச் சூடேற்றும் கம்பிகள், அதற்குத் தனி மின் இணைப்பு, ஈரக் கையால் தொட்டாலும் உயிரை எடுக்காத பாதுகாப்பு சுவிட்ச், ஆவியை வெளியே தள்ளும் விசிறி. எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற சுவிட்சுப் பெட்டியை என் ஷெட்டில் உட்கார்ந்து துருப்பிடிக்காத தகட்டில் செய்தேன். ஒவ்வொரு குமிழுக்குக் கீழேயும் பெயர் பொறித்தேன். கதவின் உள்பக்கம் சின்னதாக 'டெஸ், கிளெம்' என்றும் பொறித்தேன். அன்றைக்கு அதைத் தடவிப் பார்த்துவிட்டு அவன் சட்டென்று மேலே போய்விட்டான். அவனுக்குக் கண் கலங்கினால் அப்படித்தான் எழுந்து போவான்.

நிலவறையில் ஒரே ஒரு தொல்லை உண்டு. பீர் புளிக்கும்போது கரியமில வாயு வரும். பீரை நுரைக்க வைக்கவும் குழாய்க்குத் தள்ளவும் அதே வாயு சிலிண்டரிலும் இருக்கும். கேஸ் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தண்ணீர் மாதிரி தரையில் தேங்கும். கண்ணுக்குத் தெரியாது. மூக்கில் லேசாக ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், ஆனால் பீர் காய்ச்சுகிறவன் அந்தக் குத்தலை வாசனை என்று நினைத்து ரசிப்பான். எங்களைப் போன்றவர்கள் செய்கிற தவறு அதுதான். ஆரம்பத்தில் ஒரு தடவை கிளெம் தொட்டிக்குள் தலையை விட்டு, "ஆஹா, பழுத்த பேரிக்கா மாதிரி இருக்குடா" என்று சொல்லிக்கொண்டே மடங்கி விழுந்தான். கக்கத்தில் கை கொடுத்து அவனைப் படி மேலே இழுத்துப் போட்டேன்.

அதன் பிறகுதான் தரையை ஒட்டி இன்னொரு விசிறி வைத்தேன். அது அணையவே அணையாது. காற்றுக் கெட்டால் கத்துகிற அலாரம் ஒன்றும் சுவரில் மாட்டினேன். எல்லாம் சரி என்றால் அதில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். இது போக எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்தது. கடைசியாகக் கீழே இருப்பவன் சிலிண்டரை மூட வேண்டும். மேலே போனவன் படி உச்சியில் நின்று, "கேஸ் மூடியாச்சா?" என்று கேட்பான். கீழே இருப்பவன், "மூடியாச்சு" என்பான். அந்தப் பதில் வராமல் மேலே இருப்பவன் நகர மாட்டான். குடித்திருந்தாலும் கேட்போம், சண்டை போட்டிருந்தாலும் கேட்போம். என்னை ஒரு மனுஷன் அப்படி நின்று கேட்டது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களிடம் சொல்லத் தெரியவில்லை.

பிறகு ஜாரட் வந்தான். அடிலெய்டில் படகு வியாபாரம் செய்துவிட்டுக் கடலோரமாக வீடு வாங்கி வந்தவன். கெட்டவன் இல்லை. போனில் இருந்தபடியே பீர் காய்ச்சுகிற பளபளப்பான இயந்திரம் ஒன்றை வைத்திருந்தான். மால்ட்டைக் கொட்டிப் பொத்தானை அமுக்கினால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். கிளெம் அதைப் பார்க்கப் போனான். பிறகு வாரா வாரம் போனான். என்னைக் காய்ச்சக் கூப்பிடுவது குறைந்தது. இடுப்பு வலி என்றான். நான் களிம்பு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பீர் கிளப் ஆட்கள் எல்லாரையும் கிளெம் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறான் என்று இரும்புக்கடையில்தான் எனக்குத் தெரிந்தது. என்னைக் கூப்பிடவில்லை. மறந்திருப்பான் என்று நினைத்து நானே போனேன். பின்வாசல் வழியாகப் போவதுதான் என் வழக்கம். கோழிக்கூட்டைத் தாண்டும்போது என் சுவிட்சுப் பெட்டியைப் பார்த்தேன். மல்லாக்கப் படுக்க வைத்து, வைக்கோல் போட்டு, அதில் ஒரு சிவப்புக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குமிழ்களையெல்லாம் கழற்றிவிட்டிருந்தார்கள். கதவை மட்டும் அப்படியே திறந்து வைத்திருந்தார்கள். எங்கள் பெயர் மேல் எச்சம்.

நேராக நிலவறைப் படியில் இறங்கினேன், மேடம்.

கீழே ஜாரட்டின் இயந்திரத்தைப் போலவே ஒன்று நின்றது. சுற்றிலும் ஆட்கள். கிளெம் என்னைப் பார்த்ததும் முகம் சிவந்தான். பிறகு, அவன் எப்போதும் செய்வதுபோல, வேடிக்கை பேசிச் சமாளித்தான்.

"வாடா, வா. கோவிச்சுக்காத, உன் பொட்டிய நான் தூக்கிப் போடல. கோழிக்கு அரண்மனை ஆக்கிட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். அவன் கையில் கிளாஸ் இருந்தது, சுற்றிலும் கூட்டம் இருந்தது.

"இவன் இருந்தா ஒரு கிளாஸ் நிம்மதியா ஊத்த முடியாதுப்பா. வாத்தியார் மாதிரி படியிலயே நிப்பான், அத மூடுனியா இத மூடுனியான்னு. இப்பத்தான் இந்த ரூமு மூச்சு விடுது."

யாரோ என் முதுகில் தட்டினார்கள். நான் சிலிண்டரைப் பார்த்தேன். திறந்தே கிடந்தது. கேட்டேன். அதை மூடுவதே இல்லை என்றான் ஜாரட். அதுதான் விசிறி ஓடுகிறதே, அலாரம் இருக்கிறதே என்றான். அதாவது என் விசிறியையும் என் அலாரத்தையும் நம்பித்தான் அவர்கள் அங்கே நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வாசலில் கிளெம் என் தோளைத் தொட்டு, "உன்னோடது எதுவும் கீழ இருந்தா எப்ப வேணா வந்து எடுத்துக்கடா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றான். சமாதானமாகத்தான் சொன்னான்.

என்னுடையது எது என்று சில வாரம் யோசித்தேன்.

போன மாதம் ஒரு பிற்பகல் போனேன். கிளெம் தனியாக இருந்தான். சந்தோஷப்பட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். சீஸ் வெட்டி வைத்தான். புது பீர் ஊற்றினான். நுரையில்லாமல் சப்பென்று இருந்தது, உயிரே இல்லை. அவனுக்கும் அது தெரியும்.

"ஒழுங்கா வர மாட்டேங்குதுடா. மெஷினு சொன்னபடிதான் எல்லாம் செய்றேன். நாளைக்குக் காலைல வாயேன். நீயும் நானும் மட்டும். ஜாரட்ட வர வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"பாக்கலாம்" என்றேன். பீர் சரியாக வந்திருந்தால் என்னைக் கூப்பிட்டிருப்பானா? மாட்டான். குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிடுகிற மாதிரிதான் அது. என் சாமானை எடுக்க வந்தேன் என்றேன். அவன் முகம் வாடியது. சரி எடுத்துக்கோ என்று சொல்லிவிட்டு மேலேயே இருந்தான். படி இறங்க அவனுக்கு இடுப்பு ஒத்துழைக்கவில்லை. அது நிஜம்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கீழே போய் என்னுடையதை எடுத்துக்கொண்டேன். தரையை ஒட்டிய விசிறியின் மோட்டார் என்னுடையது; அதை எடுத்தேன். முன்னால் இருந்த கம்பி வலையைத் திரும்ப மாட்டிவிட்டேன், சுவரில் ஓட்டை தெரிந்தால் அசிங்கமாக இருக்கும். அந்த இயந்திரத்தில் எப்போதும் ஒரு இரைச்சல் இருப்பதால் விசிறிச் சத்தம் நின்றது யாருக்கும் தெரியாது. அலாரத்தின் உள்பாகம் என்னுடையது, அதையும் எடுத்தேன். மூடியைச் சுவரிலேயே விட்டேன். பிறகு சிலிண்டரின் வாய். அங்கே இருக்கிற மரையை மாதாமாதம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்து இறுக்கி வைத்தவன் நான். அவர்கள் யாரும் அதைத் தொட்டதுகூட இல்லை. அந்த இறுக்கமும் என்னுடையதுதான். அதையும் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

பையைத் தோளில் போட்டுக்கொண்டபோது சுவரைப் பார்த்தேன். பச்சை விளக்கு இல்லாமல் அந்த மூடி செத்த கண் மாதிரி இருந்தது. காலையில் கிளெம் இறங்கி வந்து பார்த்தால் பதறுவான் என்று தோன்றியது. பையில் ஒரு பேட்டரி இருந்தது. விளக்கை மட்டும் எரிய வைத்தேன். நீங்கள் போய்ப் பார்த்தபோதும் அது எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். அதனால்தான் அலாரத்தைத் திறந்து பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். திறந்து பாருங்கள்.

படியில் கால் வைத்தேன். அப்போது உச்சியில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு அவன் வந்து நின்றான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்றான்.

"டெஸ். கேஸ் மூடியாச்சா?"

கிட்டத்தட்ட ஒரு வருஷத்துக்குப் பிறகு கேட்கிறான். அவனும் யோசித்துத்தான் கேட்டிருக்க வேண்டும், குரல் ஒரு மாதிரி இருந்தது. ஸ்பேனர் கையில்தான் இருந்தது. திரும்பிப் போய் அந்த மரையை இறுக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. நான் திரும்பிப் பார்த்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பார்த்தால், கண்ணுக்கு முன்னால் அந்தச் சிவப்புக் கோழிதான் வந்தது.

"மூடியாச்சு" என்றேன்.

"அப்ப சரி" என்றான். எனக்கு வழி விட்டான். வாசல் வரை வந்து, காலையில் வந்துவிடு என்று இன்னொரு தடவை சொன்னான். அடுத்த நாள் காலை நான் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து டோஸ்ட் சாப்பிட்டேன். நான் வருவேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் அவன் கீழே இறங்கியிருக்கிறான். மேலே மேசையில் இரண்டு கிளாஸ் கழுவி வைத்திருந்ததாக ஜாரட் சொன்னான்.

ஆக, விசிறி பழுதாகவில்லை. தயவுசெய்து அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மோட்டார் என் ஷெட்டில் இருக்கிறது, இப்போது போட்டாலும் ஓடும். பேப்பர்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

அவனை ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஏமாற்றியது அவன். இத்தனை வருஷத்தில் அவன் அந்தப் படியில் நின்று கேட்டதற்கு நான் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. அதனால்தான் அவன் இறங்கி வந்து பார்க்கவில்லை.