மாவு பூசாத இலை

ஜப்பான்காரன் ஆட்சி நடந்த காலம். காஜா பெராங் வட்டாரத்தில் அரிசிக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவள் திடீரென்று கேட்டாள்:

“என் வீட்டுக்காரரைக் கொல்லப் பாத்தீங்களாக்கா?”

மூத்தவள் திரும்பினாள். “என்ன பேச்சு இது?”

“நீங்க குடுத்த சக்கரவர்த்திக் கீரைதான். ரெண்டு நாளா வாந்தி. மிச்சத்தப் பாருங்க.” முந்தானையில் முடிந்திருந்த வாடிய கொத்தை நீட்டினாள்.

மூத்தவள் ஓர் இலையைக் கசக்கி மோந்து முகம் சுளித்தாள்.

“மண்ணெண்ணெய் மாதிரி நாறுது. இது வயித்துப் பூச்சிக்குக் குடுக்குற செடி. அதுவும் துளிதான் குடுப்பாங்க. நான் குடுத்த கீரையில இந்த வாடையே வராது. கொழுந்துல மாவு பூசின மாதிரி வெள்ளையா இருக்கும். இதுல மாவு எங்க? இதப் பறிச்சது யாரு?”

இளையவளின் குரல் இறங்கியது. “அவருதான். நீங்க குடுத்தது ஒரு வேளைக்குத்தான் வந்துச்சு. மறுநாள் காலையிலயே நீங்க பறிக்கிற லோங்காங் சாக்கடை ஓரத்துக்குப் போயி, அந்தக் கீரையையும் பக்கத்துல அதே மாதிரி இருந்த இந்தச் செடியையும் சேத்துப் புடுங்கிட்டு வந்துட்டாரு.”

“அதான் நான் போனப்ப ஒரு கொழுந்துகூட இல்ல. என் பிள்ளைங்க அன்னிக்கு வெறும் மரவள்ளிக்கிழங்குதான் தின்னுச்சுங்க. எடுத்தது நீங்க, பழி எனக்கா?”

இளையவள் கொத்தை மறுபடி முந்தானையில் முடிந்தாள். வரிசை நகர்ந்தது.

“நாளைக்கு அவரைக் கூட்டிட்டு வா. எது எதுன்னு காட்டுறேன்.”

“வர மாட்டாருக்கா. வெக்கப்படுவாரு.”

“என் பிள்ளைங்க வாயிலேருந்து புடுங்கினப்ப வராத வெக்கம் இப்ப எங்கேருந்து வருது?” என்றாள் மூத்தவள்.