மூணாம் நம்பர் விளக்கு

அங்க வேணாம் தம்பி, ஜன்னல் பக்கமா உக்காருங்க. உங்க மூஞ்சி எனக்குத் தெரியணும். பைய மடியிலயே வெச்சுக்குங்க. தப்பா எடுத்துக்காதீங்க. போன தடவ ஒருத்தன் வந்தான், ரசிகர் மன்றமாம், பல்லெல்லாம் தெரியச் சிரிச்சான். அவன் போனப்புறம் பாத்தா எங்க வீட்டுக்காரரு வில்ஃப் நடிக்கும்போது போட்டிருந்த ரப்பர் கையுறைல ஒண்ணக் காணோம். ஒத்தக் கையுறைய வெச்சு என்ன பண்ணுவான் சொல்லுங்க?

கார்டு பாத்தேன், பாத்தேன். கார்டு யாரு வேணா அடிச்சுக்கலாம்.

அது என்ன, அந்தச் சின்னப் பெட்டில செவப்பா எரியுது? ரெக்கார்டா? நான் இன்னும் சரின்னே சொல்லல, அதுக்குள்ளயா? மொதல்ல அணைங்க. ம். டீ எடுத்துக்குங்க. பிஸ்கட்டும்தான். பயப்படாதீங்க, ஒண்ணும் கலக்கல.

மறுபடி சொல்லுங்க. தூரநிலா சீரியல். அந்த டேப்பெல்லாம் அழிச்சு அது மேலயே குதிரைப் பந்தயம் எடுத்தாங்க, அது எனக்கும் தெரியும். இப்ப ஒரு பாகம் கிடைச்சிருச்சுங்கறீங்க. எங்க, சைப்ரஸ்லயா? அங்க எப்படிப் போச்சு? ஓ, அந்த ஊரு டிவிக்கு ஃபிலிமா காப்பி எடுத்து அனுப்பினதத் திருப்பி வாங்க மறந்துட்டாங்களா. ம், நம்பற மாதிரிதான் இருக்கு. எந்தப் பாகம்?

அந்தப் பாகமா? இல்ல, ஒண்ணுமில்ல. முட்டிவலி. அப்பப்ப இழுக்கும். நீங்க சொல்லுங்க.

எங்க வில்ஃபப் பத்தி என்ன சொல்ல? அந்த சீரியல்ல கெல்வாக்னு ரோபோ வேஷம் போட்ட நாலு பேருல அவரு மூணாவது. முதுகுல நம்பர் எழுதியிருக்கும், இல்லாட்டி அவங்களுக்கே யாரு எதுக்குள்ளன்னு தெரியாது. தலைய மாட்டி, பின்னால திருகாணி போட்டு முடுக்கிருவாங்க. உள்ள இருக்கறவரு தானா கழட்ட முடியாது. கத்தினாலும் வெளிய கேக்காது, உள்ளுக்குள்ளயே எதிரொலிக்கும். மூக்கு அரிச்சா பாட்டு பாடி மறக்கணும்னு சொல்லுவாரு.

குரலா? அய்ய, அது அவரு குரல் இல்ல தம்பி! இது தெரியாமலா இத்தன தூரம் வொர்திங் வரைக்கும் ரயிலேறி வந்தீங்க? பேசறது டெஸ்மண்ட். ஒரு மூலைல மைக்க வெச்சுக்கிட்டு, நாலு ரோபோவுக்கும் அவன் ஒருத்தனே பேசுவான், ஒரு கைல சாண்ட்விச்சோட. அப்ப எந்த ரோபோ பேசுதுன்னு பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் நெத்தில ஒரு விளக்கு. வலது கைக்குள்ள ஒரு சுவிட்ச் இருக்கும். டெஸ்மண்ட் பேசப் பேச அந்த ரோபோல இருக்கறவரு தாளம் போடற மாதிரி அமுக்கணும், விளக்கு மினுக்கும். தனக்கு வசனம் இல்லன்னா சுவிட்ச்சத் தொடவே கூடாது. அது சட்டம்.

எங்க ஆளு சட்டத்தக் கேக்கற ஆளா? ஒத்திகைல கதாநாயகி அழுதுட்டு இருக்கும்போது மினுக் மினுக்குனு விளக்கப் போடுவாரு. அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துரும். டைரக்டர் மேல இருந்து மைக்ல கத்துவாரு, வில்ஃப், விளக்க விடுய்யான்னு. வீட்டுலயும் அப்படித்தான். சண்டை போட்டுட்டு நான் பேசாம இருந்தா, ஹால் சுவிட்ச்சப் போட்டுப் போட்டு அணைப்பாரு, நான் சிரிக்கற வரைக்கும். ஒரு மாசத்துல ரெண்டு பல்பு போச்சு.

சரி, நான் ஒண்ணு கேக்கறேன். அந்தப் பழைய படத்த சுத்தம் பண்றோம்னு ஃபோன்ல சொன்னீங்களே, என்னத்த சுத்தம் பண்றீங்க? கோடு, புள்ளி, சரி. விண்கலத்தத் தொங்கவிட்ட கயிறு தெரியுமே, அது? அழிச்சாச்சா. மைக் நிழல்? அதுவுமா. பரவால்லயே, எல்லாம் கம்ப்யூட்டர்லயேவா? வேற?

ஏன் முழுங்கறீங்க? வேறன்னுதான கேட்டேன். கழுவுற மீன்ல நழுவுற மீனா இருக்கீங்களே. ரசிகருங்க தப்பு கண்டுபிடிச்சுப் பட்டியல் போடுவாங்கன்னு எனக்கும் தெரியும், என் பக்கத்து வீட்டுப் பையன் காட்டினான். அந்தப் பாகத்துல இருக்கற தப்பச் சொல்லுங்க. சுவத்து மாடத்துக்குள்ள நாலு ரோபோவும் நிக்கற காட்சில.

ம். மூணாம் நம்பர் விளக்கு. பேசறது ஒண்ணாம் நம்பர், மினுக்கறது மூணாம் நம்பர். அதையும் அழிச்சாச்சா?

யாரு சொன்னாங்க அழிக்கச் சொல்லி? இல்ல, சும்மா இருந்தவங்க ஏன் இப்பத் திடீர்னு அதத் தேடி அழிக்கணும்? கம்பெனில யாரு சொன்னது? பேரு சொல்லுங்க. யாருமே சொல்லலையா, நீங்களாத்தானா? என்னப் பாத்துச் சொல்லுங்க. இதுக்குத்தான் ஜன்னல் பக்கம் உக்காரச் சொன்னேன்.

...சரி. நீங்க பொறக்காத காலம். தெரியாமத்தான் பண்ணியிருப்பீங்க போல. இன்னும் முழுசா நம்பல, ஆனா உக்காருங்க, எந்திரிக்காதீங்க.

வில்ஃப் எப்படிப் போனாருன்னு உங்களுக்கு என்ன சொன்னாங்க? அதேதான். எனக்கும் அதத்தான் சொன்னாங்க. ஷூட்டிங் முடிஞ்சு, தலையக் கழட்டி, உக்காந்து டீ குடிக்கும்போது நெஞ்சப் புடிச்சாருன்னு. வெளிய வந்தப்புறம்னா கம்பெனி பொறுப்பு இல்ல பாருங்க. ஆனா எங்க வில்ஃப் ஸ்டூடியோ டீயக் கையால தொட மாட்டாரு தம்பி. பாத்திரம் கழுவுன தண்ணிம்பாரு. அன்னிக்கே எனக்கு உறுத்துச்சு.

அடக்கத்துக்கு டெஸ்மண்ட் வந்தான். என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதான். கடைசி காட்சில கூட எங்களச் சிரிக்க வெச்சாரும்மா, வசனமே இல்ல, விளக்கப் போட்டுப் போட்டு ஒரே ஆட்டம், டைரக்டர் திட்டினாரு, ஸ்டூடியோ மூடற நேரம், திரும்ப எடுக்க முடியாது, டேப்பு விலை ஜாஸ்தி, வெட்டவும் விட மாட்டாங்க, அப்படியே போகட்டும்னுட்டாங்கன்னான். நல்ல மனசோடதான் சொன்னான். நானும் சிரிச்சேன். கடைசி வரைக்கும் குறும்பு போகல பாருன்னு நெனச்சேன்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பாகம் டிவில வந்துச்சு. மண்ணப் போட்டு மூணு வாரம் ஆகியிருந்துச்சு. எல்லாரும் பாக்காதன்னாங்க. நான் பாத்தேன்.

அவரு குறும்பு பண்ணா அதுல ஒரு தாளம் இருக்கும் தம்பி. ஹால் விளக்குல எத்தன தடவ பாத்திருப்பேன்! இதுல தாளமே இல்ல. வேக வேகமா அடிக்குது. கொஞ்சம் நிக்குது. மறுபடி அடிக்குது. சாயக் கூடாதுன்னு இடுப்புல கம்பி போட்டு சுவத்தோட கட்டியிருந்தாங்க, விழக்கூட முடியாது. ஒண்ணாம் நம்பரு உலகத்த அழிக்கப் போறேன்னு பேசிக்கிட்டே இருக்கு, பின்னால இது மெதுவாகுது, மெதுவாகுது. கடைசில ஒரு தடவ எரிஞ்சது. அப்புறம் அணையவே இல்ல. விரல எடுக்கல அவரு.

எதிர்ல அத்தன பேரு நின்னாங்க. சிரிச்சாங்க. நான் அவங்களத் திட்டல, திட்டித் திட்டி ஓஞ்சுட்டேன். வேற யாராவது மினுக்கியிருந்தா உடனே ஓடிப் போய்த் திறந்திருப்பாங்க. இவரு வில்ஃபாச்சே.

புகார் சொல்லப் போனேன். டேப்பப் போட்டுக் காட்டுங்கன்னேன். அழிச்சாச்சு, அதுல இப்ப குதிர ஓடுதுன்னாங்க.

நீங்க ஏன் அழறீங்க? டீயக் குடிங்க. கம்ப்யூட்டர் கொண்டாந்திருக்கீங்கல்ல பைல? சுத்தம் பண்ணாத காப்பி இருக்கா அதுல? நெசமா? அப்ப போடுங்க. அந்தச் செவப்பு லைட்டுப் பெட்டியையும் போடுங்க, இப்பச் சொல்றேன், ரெக்கார்டு பண்ணிக்குங்க.

கயித்த அழிங்க, மைக் நிழல அழிங்க, எனக்கென்ன. அந்த விளக்க மட்டும் அவரு போட்ட மாதிரியே விட்டுருங்க தம்பி. அவரு கூப்பிட்டிருக்காரு. யாராவது பாக்கட்டும்.