சுண்டுவிரல் கனம்

அண்ணி: ...கதையெல்லாம் அப்புறம். முதல்ல இந்தத் தட்டுல கம்பியை ஏத்தி வெல்டு வெச்சுக் குடு.

கொழுந்தன்: இன்னும் வேர்வையைக்கூடத் தொடைக்கல அண்ணி. ஒரு வாய் தண்ணி...

அண்ணி: பானையில இருக்கு, மொண்டு குடி. பன்னெண்டு மணிக்குச் சாப்பாடு எடுக்க ஆபீஸ்காரங்க வண்டி வந்து நிக்கும். எண்பது உருளைக்கிழங்கு. ஒண்ணுகூட இன்னும் உருப்படியா வெட்டல.

கொழுந்தன்: கிழங்கு வெட்ட வெல்டர் எதுக்கு?

அண்ணி: வெட்டாம இருக்கத்தான் வெல்டர். இந்தத் தட்டை அடிச்சுக் குடுத்தப்ப என்ன பெருமை பேசின? "கிழங்கை நடுவுல படுக்க வைங்க, கண்ணை மூடிக்கிட்டு வெட்டுங்க, கத்தி ரெண்டு பக்கக் கம்பியிலயும் இடிச்சு நின்னுடும், அடி ஒட்டிக்கிட்டே இருக்கும், அப்படியே தட்டோட 'அவன்' அடுப்புல தள்ளுங்க, விசிறி மாதிரி விரியும்"னு...

கொழுந்தன்: விரிஞ்சுதா இல்லையா?

அண்ணி: மூணு மாசம் விரிஞ்சுது. இப்ப இந்தப் பாத்திரத்தைப் பாரு.

கொழுந்தன்: என்னது இது... சீட்டுக்கட்டைக் கலைச்சுப் போட்ட மாதிரி?

அண்ணி: காலையில வெட்டின பத்து கிழங்கு. பத்தும் பில்லை பில்லையா வந்துடுச்சு. வெண்ணெயும் பூண்டும் எதுக்குள்ள வெச்சு அடைக்கிறது? உன் தலையிலயா?

கொழுந்தன்: அதுல ஏற்கெனவே நிறைய அடைச்சு வெச்சிருக்கு.

அண்ணி: தெரியுது. எதுவும் வெளிய வர வழியைக் காணோம். கம்பியை ஏத்து.

கொழுந்தன்: இருங்க அண்ணி, வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பேசாதீங்க...

அண்ணி: நான் பேசல. உன் தட்டுதான் பேசுது.

கொழுந்தன்: சூட்டுல தகடு வளைஞ்சிருக்கும். தினமும் உள்ள போய் வெந்து வர்ற சாமான்தானே. ஸ்கேலைப் படுக்க வெச்சுப் பாக்குறேன்... ம்... வளையலையே. கண்ணாடி மாதிரி கிடக்கு.

அண்ணி: கம்பி?

கொழுந்தன்: கம்பி... நாலரை நூல். அன்னைக்கு வெச்ச அதே நாலரை நூல்.

அண்ணி: உன் நூலும் ஊசியும் எனக்குப் புரியாது.

கொழுந்தன்: அங்குலத்துக்கு எட்டு நூல் அண்ணி. நாலரைன்னா அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல. அண்ணனோட சுண்டுவிரல் கனம். வெளியூர் வேலைக்குப் போறதுக்கு முந்தின நாள், ஸ்கேலைத் தேடுனா கிடைக்கல. "எதுக்குடா ஸ்கேலு? அடியில இவ்வளவு மிச்சம் இருந்தாப் போதும் உங்க அண்ணிக்கு"ன்னு சுண்டுவிரலைத் தகட்டுல வெச்சாரு. நான் சாக்பீஸால கோடு போட்டு...

அண்ணி: எனக்குத் தெரியாதா? பக்கத்துல வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தவ நான்தான். சரி, இப்ப நான் வெட்டுறேன், பாரு.

கொழுந்தன்: வெட்டுங்க.

அண்ணி: சத்தம் கேக்குதா?

கொழுந்தன்: கேக்குது. டிங்குன்னு கம்பியில நிக்குது. நல்லாத்தான் நிக்குது.

அண்ணி: இப்ப கிழங்கைத் தூக்கு.

கொழுந்தன்: ரெண்டா வருது. கத்தி நின்ன சத்தம் கேட்டுச்சே அண்ணி!

அண்ணி: உனக்குக் கேட்டுச்சு. கிழங்கு கேக்கலையே.

கொழுந்தன்: வேற கத்தி இருக்கா?

அண்ணி: மூணு கத்தி மாத்திட்டேன். ரொட்டி அறுக்குறதைக்கூடப் போட்டுப் பாத்தாச்சு.

கொழுந்தன்: கிழங்கு அழுகலோ என்னவோ...

அண்ணி: கத்தரிக்காய் வெச்சேன். அதுவும் அப்படித்தான். நேத்து ஒரு முழு ரொட்டியை வெச்சேன். எல்லாத்துக்கும் ஒரே கதிதான். இங்க வா. இந்தச் செவுத்தைப் பாரு.

கொழுந்தன்: பென்சில் கோடு. என்ன கணக்கு இது?

அண்ணி: அடியில எவ்வளவு மிச்சம் நிக்குதுன்னு வாரா வாரம் கோடு போட்டேன். மேல இருக்குறது முதல் வாரம். புள்ளைங்க வளர்த்தியைத்தான் செவுத்துல கோடு போடுவாங்க. நான் தேய்மானத்தைப் போட்டுக்கிட்டு வரேன்.

கொழுந்தன்: நாலரை... நாலு... மூணேகால்... இது ரெண்டு... அண்ணி, இது எப்போ ஆரம்பிச்சுது?

அண்ணி: நாலு மாசம் ஆச்சு.

கொழுந்தன்: நாளு ஞாபகம் இருக்கா?

அண்ணி: நல்லா இருக்கு. ஒரு வியாழக்கிழமை. விடாம மழை பெஞ்சுதே, உன் பட்டறைக்குள்ளகூடத் தண்ணி வந்துதே, அன்னைக்கு.

கொழுந்தன்: அந்த வியாழக்கிழமையா?

அண்ணி: ஏன் முழிக்கிற? அந்த வியாழக்கிழமைக்கு என்ன?

கொழுந்தன்: ஒண்ணுமில்ல. மோட்டார் நனைஞ்சு போச்சு அன்னைக்கு. அதை நெனச்சேன்.

அண்ணி: மோட்டாரை நெனச்சா முகம் இப்படி வெளுக்குமா?

கொழுந்தன்: வெயில்ல வந்தேன்ல. அது கிடக்கட்டும்... அண்ணன் பேசினாரா?

அண்ணி: ஞாயித்துக்கிழமை பேசினாரே.

கொழுந்தன்: என்ன சொன்னாரு?

அண்ணி: என்ன சொல்லுவாரு? சுரங்கப்பாதைக்குள்ள வேலை, வெளிச்சமே பாக்குறதில்லையாம். குளுராம். சாப்பிட்டியான்னாரு. உன்கிட்ட?

கொழுந்தன்: புதன்கிழமை பேசினாரு. இதேதான். குளுராம்.

அண்ணி: காலு வெடிச்சிருக்குன்னாரே, உன்கிட்டயும் சொன்னாரா?

கொழுந்தன்: ஆ... சொன்னாரு, சொன்னாரு. வெடிச்சிருக்காம்.

அண்ணி: எந்தக் காலு?

கொழுந்தன்: ரெண்டும்னு நெனைக்கிறேன்.

அண்ணி: ம்... ரெண்டும்தான்.

கொழுந்தன்: அண்ணி... மண் வாசனை வருதே? கிழங்கைக் கழுவினீங்களா?

அண்ணி: மூணு தண்ணியில கழுவினேன்.

கொழுந்தன்: நல்லா அடிக்குது. ஈர மண்ணு. தோண்டி எடுத்த மாதிரி... அவன்ல இருந்துதான் வருது.

அண்ணி: தினமும் வருது. பழகிடுச்சு.

கொழுந்தன்: உள்ள கையை நீட்டினா குளுந்து கிடக்கு! எப்போ போட்டீங்க?

அண்ணி: ஒரு மணி நேரம் ஆச்சு. செவப்பு லைட் எரியுது பாரு. உங்கண்ணன் இருந்தா "அவன் சூடாயிட்டானா"ன்னு நான் கேக்குறப்பல்லாம் "நான் சூடாத்தான்டி இருக்கேன்"ம்பாரு. தினமும் காலங்காத்தால எழுந்ததும் அதே ஜோக்.

கொழுந்தன்: ஏழு மாசமா அந்த ஜோக் இல்லாம வேலை நல்லா நடக்குமே.

அண்ணி: நடக்குது, நடக்குது. நீ கம்பியை ஏத்து. மணி பத்தரை.

கொழுந்தன்: இல்ல அண்ணி. வேற தட்டு அடிச்சுத் தரேன். இதுல கை வெக்க மாட்டேன்.

அண்ணி: ஏன்?

கொழுந்தன்: இது அண்ணன் அளவு. அதை மாத்திட்டு, நாளைக்கு அவரு வந்து நின்னா என்ன பதில் சொல்லுவேன்?

அண்ணி: வந்தாப் பாத்துக்கலாம்.

கொழுந்தன்: வந்தாவா?

அண்ணி: வந்ததும்னு சொன்னேன்.

கொழுந்தன்: வந்தான்னு சொன்னீங்க.

அண்ணி: காதுல பஞ்சை வெச்சுக்கிட்டே வெல்டிங் பண்ணுறவன் நீ, உன் காதை நம்பச் சொல்றியா? இந்தா, ஒண்ணு பண்ணு. உன் விரலை வை.

கொழுந்தன்: எங்க?

அண்ணி: கம்பி ஓரமா. அவரு வெச்ச இடத்துல. சுண்டுவிரலை.

கொழுந்தன்: எதுக்கு?

அண்ணி: வையேன். அண்ணன் தம்பி விரல்தானே.

கொழுந்தன்: கத்தி யாரு கையில?

அண்ணி: என் கையில.

கொழுந்தன்: அதான் கேட்டேன்.

அண்ணி: அட, பயந்தாங்கொள்ளி. இருபது வருஷமா வெட்டுறேன், ஒரு கீறல் கிடையாது. கிழங்கை வெச்சாச்சு. விரலை ஒட்டி வை... இன்னும் உள்ள... அசையாதே.

கொழுந்தன்: ஐயோ, என்ன இது, தகடு ஐஸ் மாதிரி இருக்கு. அண்ணி, மெதுவா...

அண்ணி: ஒண்ணு... ரெண்டு... மூணு... பேசாதே, எண்ணிக்கை விட்டுப்போகும்... பதினாறு, பதினேழு. எடு இப்ப.

கொழுந்தன்: ஒட்டியிருக்கு!

அண்ணி: ஸ்கேலை வை.

கொழுந்தன்: நாலரை நூல். சுத்தமா நாலரை. அண்ணி, எப்படி...

அண்ணி: இப்ப விரல் இல்லாம ஒண்ணு.

கொழுந்தன்: வேண்டாம்...

அண்ணி: ஒண்ணு, ரெண்டு... பாத்தியா. விழுந்துடுச்சு. அப்போ உயிரோட இருக்குற விரலா இருந்தாத்தான் நிக்குது. சரி, உன் விரல் கனத்துக்குக் கோடு போட்டுக் கம்பியை மாத்து. சட்டுனு வேலையைப் பாரு.

கொழுந்தன்: அண்ணி. இப்ப என்ன சொன்னீங்க?

அண்ணி: கம்பியை மாத்துன்னேன்.

கொழுந்தன்: அதுக்கு முன்னாடி. உயிரோட இருக்குற விரலுன்னு ஏன் சொன்னீங்க? என் விரலுன்னு சொல்லியிருக்கலாமே.

அண்ணி: வாய் தவறி வந்துடுச்சு. நாக்குக்கு எலும்பா இருக்கு?

கொழுந்தன்: அண்ணன் ஞாயித்துக்கிழமை பேசினாருதானே? சத்தியமா?

அண்ணி: நீ சொல்லு, புதன்கிழமை பேசினாரா?

கொழுந்தன்: நான்தான் முதல்ல கேட்டேன்.

அண்ணி: பேசினா ஃபோன்ல இருக்கும். உன் ஃபோனை எடு.

கொழுந்தன்: உங்களுதை எடுங்க.

அண்ணி: அடுத்த கிழங்கை எடுத்து வை, நேரமாகுது.

கொழுந்தன்: கத்தியைக் கீழ வெச்சுட்டு உக்காருங்க அண்ணி. ஒண்ணு சொல்லணும். நாலு மாசமா தொண்டையில நிக்குது.

அண்ணி: எண்பது கிழங்கு கிடக்கு...

கொழுந்தன்: கிடக்கட்டும். அந்த வியாழக்கிழமை... அங்க சுரங்கத்துக்குள்ள மண் சரிஞ்சுடுச்சு. ஆறு பேரு உள்ள. அஞ்சு பேரை எடுத்துட்டாங்க. அண்ணனை எடுக்க முடியலையாம். அதுக்கு மேல தோண்டினா இன்னும் சரியும்னு அப்படியே மூடிட்டாங்களாம். நாலு நாள் கழிச்சுக் கம்பெனி ஆளுங்க ரெண்டு பேரு பட்டறைக்கு வந்து சொன்னாங்க. அன்னைக்கே உங்ககிட்ட வந்தேன் அண்ணி. வாசல் வரைக்கும் வந்துட்டேன். நீங்க மாவு கையோட வந்து, "உங்கண்ணன் உன்கிட்டயாவது பேசினாரா"ன்னு கேட்டீங்க. பேசினாருன்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் அந்த ஒரு பொய்யைக் காப்பாத்த வாரா வாரம் ஒண்ணு.

அண்ணி: புதன்கிழமை தவறாம.

கொழுந்தன்: நீங்க ஞாயித்துக்கிழமை பேசினாருன்னு சொல்றப்பல்லாம் எனக்கு என்ன ஆகும் தெரியுமா? அவங்க ஆளை மாத்திச் சொல்லிட்டாங்களோ, எங்கயோ உயிரோட இருக்காரோன்னு... ராத்திரி பாயில எழுந்து உக்காந்துக்குவேன்.

அண்ணி: நீ பேசினாருன்னு சொன்ன ஒவ்வொரு புதன்கிழமையும் நான் நல்லாத் தூங்கினேன் தம்பி.

கொழுந்தன்: திட்டுங்க அண்ணி. கையில இருக்குறதை எடுத்து அடிங்க. அவரு சாமானைக்கூட உங்க கண்ணுல காட்டாம பட்டறையில ஒளிச்சு வெச்சிருக்கேன்.

அண்ணி: பச்சைப் பை. ஒத்தைச் செருப்பு. கோடு போடு தம்பி. விரலை வெச்சாச்சுல்ல. கம்பியை ஏத்து.

கொழுந்தன்: பை பச்சைன்னு உங்களுக்கு யாரு சொன்னது? அதை நான் யாருக்கும் காட்டலையே?

அண்ணி: அந்தக் கம்பெனி ஆளுங்க முதல்ல இங்கதான் வந்தாங்க. அந்தப் பையைக் கையில வெச்சுக்கிட்டு வாசல்ல நின்னு உங்கண்ணன் பேரைச் சொல்லிக் கேட்டாங்க... அந்தப் பேருல இந்த வீட்டுல யாரும் இல்லன்னு சொல்லி, உன் பட்டறைக்கு வழி காட்டி அனுப்பினவ நான்தான்.