முப்பத்திநாலு வினாடி

— அதெல்லாம் நல்ல குடும்பந்தான் ஐயா. கடமலைக்குண்டுல பொண்ணோட அப்பா ஒச்சாண்டின்னு கேட்டாலே சொல்லுவாக, இலவந்தோப்பு வச்சிருக்காக. குடும்பத்தை விடுங்க, பொண்ணப் பத்திக் கேளுங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க.

— இருக்கட்டும் தம்பி. யுவராணி இங்கன என்ன வேலை பாக்குது? அதைத்தான் தெரிஞ்சுக்கிறணும். கம்ப்யூட்டர் வேலைன்னு மட்டுந்தான் காதுல விழுந்துச்சு.

— சொல்றேன், கேட்டுக்கங்க. இந்த ரெக்கார்டிங் ரூம் என்னோடது. வைகுண்டராஜ்னா தேனியில ஆட்டோ விளம்பரக் குரலுக்குப் பேரு. ஜவுளிக்கடை திறப்புன்னாலும் நாந்தான், கும்பாபிஷேகம்னாலும் நாந்தான். ரெண்டு வருசத்துக்கு முந்தி, ரெண்டாயிரத்தி ஆறுல, ஒரு டிரஸ்ட்டுக்காரவுக வந்தாக. கண்ணு தெரியாதவுக படிக்கிறதுக்குப் புத்தகத்தை வாசிச்சு சிடியில போட்டுத் தரணும்னாக. வாசிச்சது நான். அதைக் கம்ப்யூட்டர்ல ஓட வைக்கிற புரோகிராம் எழுதுனது யுவராணி.

— சரித்தான். அது என்ன பண்ணும்?

— நாம விரலை வச்சு வரியத் தேடுறோம்ல, அதைக் காதுக்குச் செஞ்சு குடுக்கும். ஒரு பட்டனை அமுக்குனா கேட்டுக்கிட்டிருக்கிற வரிய முதல்லருந்து திரும்பச் சொல்லும். இன்னொண்ணை அமுக்குனா அடுத்த வரி. முதல் பாடம் அருமையா ஓடுச்சு. ஒரு வாரங் கழிச்சு மதுரை ஹாஸ்டல்லருந்து ஒரு தம்பி போன் போட்டாரு. கண்ணு தெரியாதவரு, அரசாங்க வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறவரு. "சார், ஒரு மணி நேரம் ஓடுன பிறகு பட்டனை அமுக்குனா அரை நிமிசத்துக்கு முந்தி கேட்ட வரி வருது"ன்னாரு.

— கோவமாப் பேசுனாரோ?

— சேச்சே. அளந்து பேசுவாரு. இன்ன இடம், இத்தனை வரி பின்னாலன்னு எழுதி வச்சு வாசிக்கிற மாதிரி சொன்னாரு. நாந்தான் அசட்டை பண்ணிட்டேன். கம்ப்யூட்டர் பழசா இருக்கும்னேன். யுவராணி ஒத்துக்கல. மறுநாள் ஃபேனை நிப்பாட்டி, கதவைச் சாத்திட்டு, மைக் முன்னால எவர்சில்வர் டம்ளரும் கரண்டியுமா உக்காந்துருச்சு. சித்திரை வெயில் ஐயா. அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தட்டு. ஒரு மணி நேரம்.

— எதுக்கு?

— தட்டுன சத்தம் பதிவுல எந்த இடத்துல கிடக்கு, புரோகிராம் எந்த நேரம்னு சொல்லுதுன்னு ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்குறதுக்கு. முதல் தட்டுக்கு ரெண்டும் ஒண்ணு. பத்து நிமிசத்துல ஆறு வினாடி பக்கம் பிசகு. ஒரு மணி நேரத்துல முப்பத்திநாலு வினாடி. முகமெல்லாம் வேர்வை, ஆனா சிரிக்குது. "தப்பு ஒரே சீரா ஏறுதுண்ணே. சீரா ஏறுனா மிஷின் கோளாறு இல்ல, எழுதி வச்ச கணக்குல கோளாறு"ன்னுச்சு.

— எனக்குப் பிடிபடலையே தம்பி.

— ஐயாவுக்கு விவசாயந்தானே?

— தக்காளி, பீட்ரூட் போடுறோம்.

— அப்ப சரி. பெட்டிக்கு இருபத்திமூணு கிலோ இருநூறு கிராம் தக்காளின்னு வைங்க. எடை போடுறவன் ஒவ்வொரு பெட்டிக்கும் இருபத்திமூணுன்னு மட்டும் எழுதுறான். ஒரு பெட்டியில தெரியாது. லாரி நிறையுறப்பத் தெரியும். கம்ப்யூட்டர் சத்தத்தைத் துணுக்குத் துணுக்காத்தான் வச்சிருக்கு. சாம்பிள்ம்பாக. வினாடிக்கு நாப்பத்தி நாலாயிரத்து நூறு. ஆயிரத்து இருபத்திநாலு சாம்பிளை ஒரு கட்டாக் கட்டி அனுப்பும். ஒரு கட்டுக்கு இருபத்திமூணே சொச்சம் மில்லி செகண்ட். அந்தச் சொச்சத்தை ஒவ்வொரு கட்டுலயும் கீழ போட்டுட்டே வந்திருக்கு.

— அந்தக் கணக்கை எழுதுனதும் யுவராணிதானா?

— அங்கதான் விசயம். அது வெளிநாட்டுக்காரவுக எழுதுனது. லைப்ரரின்னு பேரு. ஒருத்தர் எழுதி வச்சதை ஊர் உலகத்துல யாரு வேணாலும் எடுத்துத் தன் புரோகிராமுக்குள்ள வச்சுக்கலாம், காசு கிடையாது. நான் என்ன சொன்னேன்னா, பரீட்சைக்கு நாப்பது நாள்தான் இருக்கு, பிசகு இத்தனைன்னு தெரிஞ்சு போச்சு, நம்ம சிடியில அதைக் கூட்டிப் போட்டு ஒப்பேத்திருன்னேன். "அண்ணே, இதே லைப்ரரிய வச்சு வேற ஊருல எத்தனை பேரு எழுதியிருப்பாகளோ. அவுகளுக்கு யாரு போன் போட்டுச் சொல்லுவா"ன்னுச்சு. நான் சத்தம் போட்டேன் ஐயா. சம்பளம் நான் குடுக்கிறேன், நான் சொல்றதைச் செய்யின்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

— அழுதுச்சா?

— அழல. "ரெண்டு வாரம் சம்பளம் வேண்டாம், கம்ப்யூட்டர் மட்டும் வேணும்"னு சொல்லிட்டு உக்காந்துருச்சு. பன்னெண்டு நாள். அந்த லைப்ரரிக்குள்ள இறங்கி, ஆயிரக்கணக்கான வரியில, சொச்சம் விழுகுற இடத்தைப் பிடிச்சுப்புடுச்சு. நேரத்தைக் கூட்டுறதையே தூக்கிருச்சு. போன சாம்பிள் எத்தனைன்னு மட்டும் எண்ணிட்டு வரணும், யாராச்சும் நேரம் கேட்டா அப்ப ஒரே ஒரு தடவை வகுத்துச் சொல்லணும். திரும்ப டம்ளரை எடுத்துத் தட்டிப் பாத்துச்சு. முப்பத்திநாலு வினாடியும் போயிருச்சு.

— அத்தோட முடிஞ்சுதா?

— நானும் முடிஞ்சுதுன்னுதான் நினைச்சேன். புது சிடிய அந்த ஹாஸ்டல் தம்பிக்கு அனுப்புனோம். ரெண்டு நாள் கேட்டுட்டு, "முக்காவாசி சரியாயிருச்சு, இன்னும் அரை மூச்சு முன்னால ஓடுது"ன்னாரு. வரி முடியுற நேரத்துல திரும்பச் சொல்ற பட்டனை அமுக்குனா அடுத்த வரிக்குத் தாவிருதாம்.

— பொண்ணு என்ன சொல்லுச்சு?

— "வாய்ப்பே இல்ல சார், ஒரு சாம்பிள் விடாம எண்ணியிருக்கேன்"னு சொல்லுச்சு. அவரு விடல. இவளும் விடல. நாலு நாளு போன்லயே மல்லுக்கட்டுனாக. நான் ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டுக்கிட்டு இருப்பேன்.

— தம்பி, ஒண்ணு கேக்குறேன், மனசுல பட்டதைச் சொல்லுங்க. கண்ணு தெரியாதவுகன்னு பாவம் பாத்துத்தான் அந்தப் பிள்ளை இம்புட்டும் செஞ்சுச்சோ?

— பாவமா? பாவம் பாக்குறவுக அப்படிச் சண்டை போடுவாகளா ஐயா? "உங்க காது தப்பு"ன்னு முகத்துக்கு நேரா சொல்லுச்சு. அதுக்கு அந்தத் தம்பி சொன்னாரு பாருங்க, எனக்கு இன்னிக்கும் மறக்கல. "நீங்க குடுத்ததை எண்ணுறீக. நான் கேட்டதை எண்ணல."

— அப்படின்னா?

— கம்ப்யூட்டருக்குள்ள சத்தத்தை வெளிய விடுற சவுண்ட் கார்டு இருக்குல்ல, அது கையில வாங்குனதும் பேசிராது. கொஞ்சத்தைத் தேக்கி வச்சுத்தான் பேசும். இவ குடுத்த கணக்கு சரி, காதுக்குப் போய்ச் சேந்த கணக்கு வேற. யுவராணி தன் கணக்கைத் திரும்ப ஓட்டிப் பாத்துச்சு. பிறகு, "நீங்க சொல்றதுதான் சரி. நான் அதை யோசிக்கவே இல்ல"ன்னுச்சு. மறுநாளே கார்டுல எத்தனை தேங்கி நிக்குதுன்னு கேட்டு வாங்கி, அதைக் கழிச்சுக் காட்ட வச்சுருச்சு. பரீட்சைக்கு ஒன்பது நாள் முந்தி எல்லாருக்கும் புது சிடி போய்ச் சேந்துச்சு.

— வெளிநாட்டுக்காரவுக?

— முதல்ல, வேற யாருமே புகார் சொல்லலையேன்னு எழுதுனாக. டம்ளர் தட்டுன பதிவையும், தப்பை அப்படியே காட்டுற குட்டி புரோகிராமையும் அனுப்பி வச்சுச்சு. பதினேழாம் நாள் ஏத்துக்கிட்டாக. திருத்துனவுக பேரை அதுல போடுவாக. எடுத்துப் பாத்தா ரெண்டு பேரு இருக்கு. என்னம்மான்னேன். "பாதி அவரு கண்டுபிடிச்சதுண்ணே"ன்னுச்சு. நான் எத்தனையோ பேரை வேலைக்கு வச்சிருக்கேன் ஐயா. இப்படி ஒரு ஆளு எனக்கு வாய்ச்சதில்ல. ரெண்டு வாரச் சம்பளத்தை நானே கொண்டு போய் டேபிள்ல வச்சேன்.

— சரித்தான்.

— ஏன் எந்திரிச்சுட்டீக? கண்ணு வேற கலங்கியிருக்கு. மனசுல எதுவும் வச்சுக்கிட்டுப் போகாதீக. கல்யாணத்துக்குப் பிறகு வேலைய விடச் சொல்லிராதீக, அது ஒண்ணுதான் நான் கேக்குறது. பொண்ணு கேட்டு வந்திருக்கீக, மாப்பிள்ளை என்ன பண்றாருன்னு சொல்லவே இல்லையே?

— பொண்ணு கேட்டு நான் வரல தம்பி. போன வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளைதான் தனியா பஸ் ஏறிப் பண்ணைப்புரத்துக்கு வந்து, உங்க மகனை எனக்குக் கட்டி வைப்பீகளான்னு என்கிட்டக் கேட்டுச்சு. இரக்கப்பட்டுக் கேக்குதோன்னு எனக்கு நாலு நாளா சோறு இறங்கல. நீங்க சொன்ன அந்த ஹாஸ்டல் தம்பி, என் மகன் விஜயபாண்டி.